டபுள் தண்டருக்கு ஒரு சாட்சி

பழைய சாமான் வியாபாரி பெரிய டிரம்மின் வயிற்றில் விரலால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, "இதுல தண்ணி நிக்குமா சார்?" என்று கேட்டார்.

காது மெஷின்காரருக்குப் பாதி உயிர் அங்கேயே போய்விட்டது.

"ராக் மியூசிக் வாசிக்கிற டிரம்முங்க இது. தண்ணி பிடிக்கிறதுக்கு இல்ல."

"எதுவா இருந்தா என்ன சார், ஓட்டை இல்லாம இருந்தாச் சரி" என்றார் வியாபாரி. பிறகு பித்தளைத் தட்டு மாதிரி இருந்த சிம்பலை ஒரு முறை திருப்பிப் பார்த்து, சமையலுக்கு ஆகாது என்று முடிவு செய்து கீழே வைத்தார்.

கதவருகில் நின்றிருந்த மனைவி, "ஞாயித்துக்கிழமை வண்டியோட வந்துடுங்க" என்று சொல்லி அவரை அனுப்பி வைத்தார்.

கடைத்தெருவில் காது கேளாதவர்களுக்கான மெஷின் விற்கும் கடை வைத்திருந்ததால் அவரை எல்லாரும் காது மெஷின்காரர் என்றுதான் சொல்வார்கள். அவர் மனைவி கோர்ட்டில் தட்டச்சராக இருந்து போன மாதம்தான் ஓய்வு பெற்றவர். வேலைக்காலம் முழுக்க அடுத்தவர் வாக்குமூலத்தை அடித்து அடித்து, உப்பு தீர்ந்துவிட்டது என்று யாராவது சொன்னால்கூட யார் பார்த்தது, எப்போது பார்த்தது என்று கேட்கிற நிலைக்கு வந்திருந்தார்.

அவர் கேட்டது பெரிதாக ஒன்றும் இல்லை. பின்பக்க அறையில் ஒரு கட்டில் போட வேண்டும், அவ்வளவுதான்.

"உங்க குறட்டையை இதுக்கு மேல என்னால கேக்க முடியாது. ரிடையர் ஆனப்புறமாவது மனுஷி தூங்க வேண்டாமா?"

"டிரம் பக்கத்துலயே கட்டிலைப் போட்டுக்கலாமே."

"புரண்டு படுத்தா சிம்பல் மேல விழுவேன். உங்களுக்கு அது கச்சேரி மாதிரி இருக்கும்."

"இது சும்மா டிரம் இல்லம்மா. டபுள் தண்டரோட டிரம். ஒரு காலத்துல இந்த ஊரே எங்களைத் தலையில தூக்கி வச்சு ஆடிச்சு."

"நான் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து தலை நரைச்சாச்சு. ஒரு ஆளு, ஒரே ஒரு ஆளு, உங்க பேண்டைப் பத்திப் பேசி நான் கேட்டதில்ல."

இது காது மெஷின்காரரின் நெஞ்சில் தைத்தது. ஏனென்றால் அவரும் கேட்டதில்லை.

மனைவி கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, ஒரு சாட்சி கொண்டாங்க" என்றார். "சொந்தக்காரன் கூடாது. உங்ககிட்ட சம்பளம் வாங்கறவன் கூடாது. உங்க பேண்ட்ல இருந்தவனும் கூடாது. வெளியாள் ஒருத்தர் டபுள் தண்டரை ஞாபகம் இருக்குன்னு சொன்னா டிரம் இங்கயே இருக்கட்டும். இல்லன்னா ஞாயித்துக்கிழமை வண்டி."

டபுள் தண்டர் என்பது நான்கு பேர் சேர்ந்த ராக் குழு. கல்லூரி முடித்த கையோடு ஆரம்பித்தது. பாடகர் ஒருவர், கிட்டார்க்காரர்கள் இருவர், டிரம்முக்கு இவர். ஒத்திகை பார்த்ததைவிடக் குழுவுக்கு என்ன பெயர் வைப்பது என்று சண்டை போட்டதுதான் அதிகம். எரிமலை என்றார் ஒருவர், கறுப்புக் குதிரை என்றார் இன்னொருவர், இரண்டு பேர் பேச்சுவார்த்தையையே நிறுத்திவிட்டார்கள். முதல் கச்சேரியன்று பாடகர் ஒரு வேனிலிருந்து டிரம் செட்டை இறக்கினார். பெரிய டிரம்மின் முகத்தில் தங்க எழுத்தில் மின்னல் போட்டு, 'டபுள் தண்டர்' என்று எழுதியிருந்தது. யாரையும் கேட்காமல் இவனே பெயர் வைத்துவிட்டானே என்று எல்லாருக்கும் கோபம்தான். ஆனால் திரை தூக்கப் போகிற நேரத்தில் யார் சண்டை போடுவது? "நாலு பேருக்கு எதுக்குடா டபுள்?" என்று ஒரு கிட்டார்க்காரர் மட்டும் கேட்டார். "யோசிச்சா புரியும்" என்றார் பாடகர். காது மெஷின்காரர் இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறார்.

மொத்தம் ஆறு கச்சேரி. ஆறாவது முடிந்ததும் டிரம்மை இவர் வீட்டில் இறக்கி, "கொஞ்ச நாள் பத்திரமா வச்சிரு" என்று சொல்லிவிட்டுப் பாடகர் கப்பல் வேலைக்குப் போனார். போனவர் போனவர்தான். கிட்டார்க்காரர்கள் இருவரும் பெரிய பதவிகளுக்குப் போய், தலைமுடியோடு சேர்த்து அந்த ஞாபகத்தையும் உதிர்த்துவிட்டார்கள்.

மறுநாள் காலை கடைக்கு வந்த முதல் வாடிக்கையாளர் ஓய்வு பெற்ற ரயில் டிரைவர். காது மெஷின்காரர் அவரை உட்காரவைத்து, விஷயத்தைக் காதருகில் உரக்கச் சொல்லி, வீட்டுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரை ஆன் செய்து கையில் கொடுத்தார்.

"டபுள் தண்டர்தானேம்மா, மறக்க முடியுமா?" என்றார் டிரைவர் கம்பீரமாக.

"எத்தனை பேர் வாசிச்சாங்க?" என்று கேட்டார் மனைவி.

"நல்லா வாசிச்சாங்க."

"எத்தனை பேருன்னு கேட்டேன்."

"சாயங்காலம்."

"ஐயா, முதல்ல காதுல மெஷினைப் போட்டுட்டுப் பேசுங்க" என்றார் மனைவி. போனில் இதைக் கேட்ட காது மெஷின்காரர், கைதேர்ந்த தொழில்காரராகையால், புத்தம் புது மெஷினை எடுத்து டிரைவர் காதில் கச்சிதமாகப் பொருத்தினார். அதுதான் அவர் செய்த தவறு.

"ஆ, இப்ப பளிச்சுனு கேக்குதும்மா" என்றார் டிரைவர். "உங்க வீட்டுக்காரர் பாதி விலைக்குத் தர்றேன், ஒரு பேரை மட்டும் ஞாபகம் இருக்குன்னு சொல்லுங்கன்னாரு. அது என்ன பேருன்னு இன்னொரு தடவை சொல்லச் சொல்லுங்க."

அன்று மாலை தீர்ப்பு வந்தது. பொய்ச் சாட்சி கொண்டுவந்த குற்றத்துக்காக இனி ஒரு சாட்சி போதாது, இரண்டு வேண்டும்.

இரண்டுக்கு எங்கே போவது என்று தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோதுதான் ரேடியோ கைகொடுத்தது. தினமும் காலையில் மனைவி சமையலறையில் கேட்கும் நிகழ்ச்சி அது. நேயர்கள் போன் செய்து பழைய ஞாபகங்களைச் சொல்வார்கள். அந்த வாரம் மறந்துபோன ராக் குழுக்களைப் பற்றிப் பேசலாம் என்று தொகுப்பாளினி அறிவித்ததும், காது மெஷின்காரர் போனோடு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டார். மூக்கை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டார்.

"வணக்கம், யாரு பேசறீங்க?"

"ஒரு ரசிகன்."

"எந்த பேண்ட் சார் உங்க ஞாபகத்துல இருக்கு?"

"டபுள் தண்டர். அதுவும் அந்த டிரம்மர் இருக்காரே, அவரைப் பத்திப் பேச ஒரு நாள் போதாது. அவர் வாசிச்சா ஜன்னல் கண்ணாடியெல்லாம் ஆடும். ஆளும் பாக்க லட்சணமா இருப்பாரு."

"அருமை சார். உங்க வீட்டு ரேடியோ சத்தம் இங்க எதிரொலிக்குது. கொஞ்சம் குறைக்கச் சொல்றீங்களா?"

காது மெஷின்காரர் மூக்கிலிருந்து கையை எடுத்தார். காலங்காலமாக ஊறிப்போன பழக்கம், யோசிக்க நேரமில்லை.

"ஏம்மா, அந்த ரேடியோவைக் கொஞ்சம் குறையேன். போன்ல பேசிட்டிருக்கேன்ல."

இந்த வாக்கியம் மனைவிக்கு ரேடியோ வழியாக ஒரு தடவையும் குளியலறைக் கதவு வழியாக ஒரு தடவையும் கேட்டது. அவர் சொன்னபடியே ரேடியோவைக் குறைத்தார். பிறகு நிதானமாக நடந்து வந்து குளியலறைக் கதவைத் தட்டினார்.

"சாட்சி வெளியில வரலாம்."

இனி மூன்று சாட்சி. மூவரையும் அவரே நேரில் விசாரிப்பார்.

காது மெஷின்காரர் தொங்கின முகத்தோடு கடைக்குப் போய்ச் சேர்ந்தார். பக்கத்துச் சைக்கிள் கடையில் அதே நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. குட்டு உடைந்தது தொகுப்பாளினிக்குத் தெரியாது போலிருக்கிறது. "டபுள் தண்டரை வேற யாருக்காவது ஞாபகம் இருக்கா?" என்று அவர் கேட்டுவைத்திருந்தார்.

"எனக்கு இருக்கு" என்றது ஒரு பெண் குரல். "எங்க அக்கா கல்யாணத்துல வந்திருந்தாங்க. தங்க எழுத்துல பேரு போட்டிருக்கும், பக்கத்துல மின்னல்."

காது மெஷின்காரர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். தங்க எழுத்து, மின்னல், இரண்டும் சரி. ஆனால் அவர்கள் எந்த அக்கா கல்யாணத்திலும் வாசித்ததில்லையே.

அடுத்தவர் நூல் மில்லில் வேலை பார்த்தவர். "எங்க மில்லு ஆண்டு விழா ஒண்ணு விடாம டபுள் தண்டர்தான். மேடைக்குப் போனா முதல்ல அந்தப் பேருதான் கண்ணுல படும்."

அதற்கடுத்தவர் ஓய்வு பெற்ற போலீஸ்காரர். "பந்தோபஸ்துக்குப் போன இடத்துலயெல்லாம் பாத்திருக்கேன். ஆளுங்கட்சிக் கூட்டத்துலயும் இருப்பாங்க, எதிர்க்கட்சிக் கூட்டத்துலயும் இருப்பாங்க. எந்தப் பக்கமும் சாயாத பேண்ட்."

"ஒரே சாயங்காலம் ரெண்டு இடத்துல பாத்தேன் மேடம்" என்றார் இன்னொருவர். "பேருக்கேத்த மாதிரி டபுள்."

தொகுப்பாளினிக்குத் தலைகால் புரியவில்லை. இப்படி ஒரு மாபெரும் குழுவை இந்த ஊர் எப்படி மறந்தது என்று குரல் தழுதழுக்கக் கேட்டார். மறுநாளும் அதே கதை, அதற்கு மறுநாளும் அதே கதை. டபுள் தண்டர் ஏறாத மேடை இல்லை என்று ஆகிவிட்டது.

காது மெஷின்காரர் வெற்றிநடை போட்டு வீட்டுக்கு வந்தார்.

"மூணு சாட்சி கேட்டே. எண்ணிக்கோ."

"எண்ணினேன்" என்றார் மனைவி. "நீங்க எத்தனை கச்சேரி வாசிச்சீங்க?"

"ஆறு."

"இவங்க சொல்றதைக் கூட்டினா அறுநூறு வருது. கல்யாணத்துல வாசிச்சீங்களா?"

"வாசிச்சிருப்போம்" என்றார் அவர், எதற்கும் இருக்கட்டும் என்று.

"வாசிச்சிருப்போமா? கல்யாண வீட்டுக்குப் போய் வாசிச்சது மறந்து போகுமா? எனக்குத் தெரியாம இன்னும் எங்கெங்க போய் வாசிச்சீங்க? அந்த அக்காவோட தங்கச்சி குரல் என்னமோ ரொம்பத்தான் குழைஞ்சுது."

"ஐயோ, அவ யாருன்னே எனக்குத் தெரியாதும்மா."

"அப்ப அவ பொய் சொல்றா. மில்லுக்காரரும் பொய். போலீஸ்காரரும் பொய். சாட்சிங்க இப்படி ஆளுக்கொரு பக்கம் இழுத்தா கேஸ் நிக்காது."

ஒரு சாட்சிகூட இல்லாதபோது வெறும் வாய்ச்சவடால் என்ற பெயர்தான் இருந்தது. ஊரே சாட்சி சொன்ன பிறகு, பாவம், மோசடிக்காரர் என்ற பெயரும் வந்து சேர்ந்தது.

ஆனால் வினை அதோடு விடவில்லை. வெள்ளிக்கிழமை காலை தொகுப்பாளினி மூச்சு வாங்கப் பேசினார். ஞாயிற்றுக்கிழமை மாலை ரேடியோ நிலைய அரங்கில் டபுள் தண்டருக்குப் பாராட்டு விழா. டிரம்மர் கிடைத்துவிட்டார். ஒருவர் அல்ல, இருவர் கிடைத்திருக்கிறார்கள். ஒருவர் உடற்பயிற்சிக் கூடம் நடத்துகிறவர், இன்னொருவர் பல் டாக்டர். நான்தான் டபுள் தண்டர் டிரம்மர் என்று இருவருமே அடித்துச் சொல்கிறார்கள். உண்மையானவர் யார் என்று மேடையில் வாசிக்கவைத்துப் பார்த்துவிடலாம்.

காது மெஷின்காரர் கடையைப் பாதியில் மூடிவிட்டு வீட்டுக்கு வந்தார். யாருக்கும் தன்னைத் தெரியாமல் இருந்ததை அவர் இத்தனை வருடம் தாங்கிக்கொண்டார். தன்னை இன்னொருவன் எடுத்துக்கொண்டு போவதைத் தாங்க முடியவில்லை. உடுப்பைக்கூட மாற்றாமல் பின்பக்க அறை வாசலில் உட்கார்ந்துவிட்டார்.

"ஞாயித்துக்கிழமை வண்டி வரட்டும்" என்றார். "நீ கட்டிலைப் போட்டுக்கோ. எனக்கு இது வேண்டாம்."

மனைவி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். கோர்ட்டில் எத்தனையோ முகங்களைப் பார்த்தவர்.

"பொய் சொல்றவன் கேஸை விடவே மாட்டான்" என்றார் மெதுவாக. "நிஜம் சொல்றவன்தான் இப்படி முதல்ல சோர்ந்து உக்காருவான். அது போக, என்கிட்ட ஒரு சாட்சியம் இருக்கு."

"என்ன சாட்சியம்?"

"தினம் நீங்க குறட்டை விடும்போது கால் ரெண்டும் தனியா வாசிக்குது. வலது கால் பெரிய டிரம், இடது கால் சிம்பல். ஒரு நாள் தப்பினதில்ல. தூக்கத்துல யாரும் பொய் சொல்ல மாட்டாங்க."

சொல்லிவிட்டு அவரே போனை எடுத்தார். சற்று நேரத்தில் அவர் குரல் ஊர் முழுக்க ரேடியோவில் கேட்டது.

"ரெண்டு டிரம்மர் வந்திருக்காங்களே, அவங்ககிட்ட டிரம் இருக்கான்னு கேளுங்க. டிரம் எங்க வீட்டு ரூம்ல இருக்கு. அதை வாசிச்சவர் என் வீட்டுக்காரர். நான் சாட்சி சொல்றேன். அந்த ரெண்டு பேரையும் ஞாயித்துக்கிழமை கண்டிப்பா வரச் சொல்லுங்க, நான் அவங்களை விசாரிக்கணும்."

வாசலில் உட்கார்ந்திருந்த காது மெஷின்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்ததை மனைவி பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் வியாபாரி சொன்ன நேரத்துக்கு வண்டியோடு வந்தார். டிரம் வண்டியில் ஏறியது. மனைவியும் முன்னால் ஏறி உட்கார்ந்து, "ரேடியோ ஸ்டேஷனுக்கு ஓட்டுங்க" என்றார். வியாபாரிக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனாலும் அந்த அம்மாள் உட்கார்ந்திருந்த தோரணையைப் பார்த்து மறுபேச்சுப் பேசாமல் ஓட்டினார்.

அரங்கம் நிரம்பி வழிந்தது. டிரம்மை மேடையில் ஏற்றி, தங்க எழுத்து தெரியும்படித் திருப்பி வைத்ததும் கூட்டத்தில் ஒரு சலசலப்பு ஓடியது. "அதேதான், அதே மின்னல்" என்று நாலா பக்கமும் குரல் கேட்டது. எல்லாருக்கும் நிஜமாகவே ஞாபகம் இருந்தது.

மனைவி விசாரணையைத் தொடங்கினார். பல் டாக்டரிடம், "உக்காந்து வாசிச்சீங்களா, நின்னு வாசிச்சீங்களா?" என்று கேட்டார். பல் டாக்டர் டிரம்மையும் கேட்டவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தான் அந்தக் காலத்து ரசிகர் மட்டும்தான் என்றும், முன்வரிசையில் இடம் கிடைக்கும் என்பதற்காகச் சொன்னது என்றும் ஒப்புக்கொண்டார். உடற்பயிற்சிக்காரர் மட்டும் விடாமல் போய் உட்கார்ந்தார். குச்சியைத் தூக்கி ஓங்கி ஒரு அடி அடித்தார். குச்சி எகிறிப் பறந்து வந்து அவர் மூக்கிலேயே பட்டது. இன்று தோள்பட்டை சரியில்லை என்று இறங்கிப் போனார்.

காது மெஷின்காரர் போய் உட்கார்ந்தார். முதல் நாலு அடி நடுங்கியது. ஐந்தாவதில் வலது கால் தானாக எழுந்தது. அதற்குப் பிறகு அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. தூங்கும்போதெல்லாம் ஒத்திகை பார்த்த கால்கள் அல்லவா, அவை அவருக்காகக் காத்திருக்கவில்லை. கைகள் பின்னால் ஓடிப் போய்ச் சேர்ந்துகொண்டன. சிம்பல் கூரை வரை போய்த் திரும்பியது. அரங்கத்து ஜன்னல் கண்ணாடிகள் நிஜமாகவே ஆடின. ரயில் டிரைவர் முன்வரிசையில் மெஷினைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு, "இப்பத்தான் சரியா கேக்குது" என்றார். போலீஸ்காரர் எழுந்து ஆடினார். மில்லுக்காரர் ஆடினார். கூட்டம் முழுக்க எழுந்தது. வியாபாரிகூட வண்டியை விட்டுவிட்டு உள்ளே வந்து நின்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

அவர் வாசித்து முடித்துத் தலை நிமிர்ந்தபோது கைதட்டல் அடங்க வெகு நேரம் ஆயிற்று. சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக அவர் ஒரு நாளும் மூச்சு வாங்கியதில்லை.

மனைவி மேடைக்கு வந்தார். "டிரம் அந்த ரூம்லயே இருக்கட்டும்" என்றார். "நீங்களும் அங்கயே படுத்துக்கோங்க."

ஊரே சிரித்தது. தொகுப்பாளினி மைக்கைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து, டபுள் தண்டரின் பெயருக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். காது மெஷின்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒரு இடி வானத்தில், ஒரு இடி மனதில் என்று தொடங்கி நீளமாகவே பேசினார். அதற்கும் கை தட்டினார்கள்.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு, கைத்தடி ஊன்றியபடி ஒரு முதியவர் மேடை ஏறினார். நேரே டிரம்மிடம் போனார். தங்க எழுத்தை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"ஐயாவும் டபுள் தண்டர் ரசிகரா?" என்று தொகுப்பாளினி மைக்கை நீட்டினார்.

முதியவர் மைக்கை வாங்கிக்கொண்டு காது மெஷின்காரரைப் பார்த்துச் சொன்னார்: "டபுள் தண்டர் நானும் என் தம்பியும் நடத்தின வாடகைக் கடைப்பா, மைக்கு, நாற்காலி, டிரம்முன்னு விடற சாமான் எல்லாத்துலயும் பேரை எழுதி வச்சிருந்தோம், இந்த டிரம்மை எடுத்துட்டுப் போனவங்கள்ல திருப்பிக் கொண்டாந்து குடுக்காத ஒரே ஆளும் நீதான், வாசிக்கத் தெரிஞ்ச ஒரே ஆளும் நீதான்."